முழுக்கைச் சட்டையும் மூன்று அங்குலக் கோலமும்

நேயர்களுக்கு வணக்கம்.

சீனாவில் சுஜோ நகரத்துத் தனியார் பள்ளி ஒன்றில் நான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். அங்கே வெளிநாட்டு ஆசிரியர்கள் எதை உடுத்தலாம், எதை மூடி வைக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எனக்கு இது சொந்தக் கதையும்கூட. என் இடது முன்கையில் மூன்று அங்குலத்துக்கு ஒரு புள்ளிக் கோலம் பச்சை குத்தியிருக்கிறேன். என் பாட்டியின் கையில் இருந்த அதே கோலம். பாட்டிக்குத் திண்ணையில் உட்காரவைத்து ஊசியால் குத்தினார்கள், எனக்கு ஏசி அறையில் மெஷினால் குத்தினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

வேலைக்கு வீடியோவில் நேர்காணல் நடந்தது. பட்டம், சான்றிதழ், முன் அனுபவம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, ‘வெளியே தெரிகிற மாதிரி டாட்டூ உண்டா?’ என்றார் அந்த அம்மா. உண்டு, சின்னதுதான் என்றேன். ‘பரவாயில்லை, தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.’ பேச்சு முடிந்தது. பிறகு வந்த ஒப்பந்தத்தில் உடை பற்றி ஒரே ஒரு வரி: ஆசிரியருக்கு ஏற்ற உடை. அது எந்த உடை என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

போய்ப் பார்த்தால், சீன ஆசிரியர்கள் ஜீன்ஸும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாகச் சாதாரணமாக வருகிறார்கள். குளிர்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே அரசு செய்து தரும் வெப்பக் குழாய் வசதி கிடையாது, சுஜோ தெற்கில் இருக்கிறது. மெத்தை மாதிரி உப்பிய கோட்டைப் போட்டுக்கொண்டுதான் நானும் பின்னங்கள் நடத்தினேன். பெற்றோர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்கிற நாளில் மட்டும் எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி வந்துவிடுவார்கள்.

பெண்களுக்கான கணக்கு வேறு, நம் ஊர்க் கணக்குக்கு நேர் எதிர். முட்டிக்கு மேல் பாவாடை போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கழுத்து கொஞ்சம் இறங்கினாலோ தோள் தெரிந்தாலோ முகம் மாறும். கலாச்சார விழாவுக்குச் சேலை கட்டி வரச் சொன்னார்கள். இடுப்பு தெரியுமே, சொல்லிவிட்டே கட்டலாமா என்று நான் இரண்டு நாள் தவித்தேன். கடைசியில் இடுப்பை யாரும் கவனிக்கவில்லை. என் ஜாக்கெட்டின் கை முழங்கைக்கு மேல் நின்றுவிட்டது, கோலம் தெரிந்தது, அதைத்தான் பார்த்தார்கள்.

ஏன் இந்தப் பயம்? இதற்கு வேர் ஆழமாகப் போகிறது. பழைய சீனாவின் ஐந்து தண்டனைகளில் ஒன்று, குற்றவாளியின் முகத்தில் குத்தி மை தேய்ப்பது. அதன் பெயர் ‘மோ’. மைக்கும் அதே எழுத்துதான். ஹான் பேரரசர் வென் கி.மு. 167இல் அதை ஒழித்தார், பின்னால் வந்தவர்கள் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடைசியாக அது சட்டத்திலிருந்து போனது 1905இல். நெற்றி எழுத்து என்று நாம் விதியைச் சொல்கிறோம், அங்கே அரசாங்கமே எழுதிவிடும். இதோடு கன்பூசியஸ் வழி வந்த ‘ஷியாவ் ஜிங்’ என்ற பழைய நூலின் வாக்கும் சேர்ந்துகொண்டது: உடலும் முடியும் தோலும் பெற்றோர் தந்தவை, அவற்றுக்குச் சேதம் வராமல் காப்பதே பெற்றோர் பக்தியின் ஆரம்பம்.

சரி, வெறுப்பு மட்டும்தான் என்றும் சொல்லிவிட முடியாது. 12ஆம் நூற்றாண்டுத் தளபதி யுவே ஃபெயின் முதுகில் நாட்டுக்கு விசுவாசம் என்ற பொருளில் நான்கு எழுத்துகள் குத்தியிருந்தன. குத்தியதே அவருடைய அம்மாதான் என்று கதை சொல்வார்கள். அந்தக் கதை தெரியாத சீனக் குழந்தை கிடையாது. ஹைனான் தீவில் லி இனத்துப் பாட்டிமார்கள் முகத்திலும் கைகாலிலும் பச்சை குத்திக்கொண்டவர்கள்.

ஆனால் இன்றைய அரசு ஒரு பக்கமாகத்தான் நிற்கிறது. 2018இல் டாட்டூ தெரியும் கலைஞர்களைத் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்றார்கள். 2021 டிசம்பரில், தேசிய கால்பந்து அணி வீரர்கள் புதிதாக டாட்டூ போடக்கூடாது, இருப்பவர்கள் எடுத்துவிடுவது நல்லது என்று உத்தரவு வந்தது. 2022 ஜூனில், 18 வயது நிரம்பாதவர்களுக்கு டாட்டூ போட யாருக்கும் அனுமதி இல்லை என்று விதியே போட்டுவிட்டார்கள். பள்ளிகளும் பிள்ளைகளுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்தச் சூழலில்தான் என் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வேலையைக் காட்டினான். மே மாதம், நல்ல புழுக்கம். கரும்பலகையின் மேல்மூலையில் எழுத எட்டியபோது சட்டைக் கை முழங்கை வரை வழிந்துவிட்டது. இரண்டு விநாடி இருக்கும். மறுநாள் அவன் தன் கையில் நீலப் பேனாவால் அதே கோலத்தைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதற்குள் அவன் அம்மா படம் எடுத்து வகுப்புப் பெற்றோரின் வீசாட் குழுவில் போட்டாகிவிட்டது. ‘லாவ்ஷி கையில் இருப்பதாம், என் பிள்ளை சொல்கிறான்.’ லாவ்ஷி என்றால் ஆசிரியர்.

பிற்பகலில் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை, தேநீர்கூட கொடுத்தார்கள். எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, பெற்றோருக்குத்தான் என்றார்கள். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டு ஆசிரியர் முகத்தைச் சேர்க்கை விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற இடம் அது. கட்டணம் கட்டும் பெற்றோரின் கைபேசிக்குத் தினமும் வகுப்புப் படங்கள் போகின்றன. சட்டம், கன்பூசியஸ் எல்லாவற்றையும் விட அந்தப் படத்தில் என்ன தெரிகிறது என்பதுதான் கடைசியில் விதியாகிறது. அதை நேராகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

தீர்வு சொன்னவர், இரண்டு கையிலும் தோள்வரை டாட்டூ போட்ட தென்னாப்பிரிக்க ஆங்கில ஆசிரியர். வெயிலுக்காக அங்கே பலரும் கையில் மாட்டிக்கொள்ளும் ‘பிங் ஷியூ’ என்ற மெல்லிய உறை. நம் ஊரில் ஸ்கூட்டியில் போகிற பெண்கள் மாட்டுவார்களே, அந்த ஜாதிதான். விலையும் சொற்பம். அவர் பீரோவில் ஒரு டஜன் வைத்திருந்தார். கறுப்பில் ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து மாட்டிக்கொண்டேன். அடுத்த வாரமே மூன்று பெண்குழந்தைகள் அதே மாதிரி உறை போட்டு வந்தார்கள். அதற்குப் பெற்றோர் யாரும் படம் எடுக்கவில்லை. அந்தப் பையன் மட்டும் ஓய்வு நேரத்தில் மேசைக்கு வந்து கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினான். அங்கே கோலம். இரண்டே விநாடி பார்த்ததற்குக் கெட்டிக்காரத்தனமாகத்தான் போட்டிருந்தான், ஆனால் கடைசி வரிசையில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவால் அந்தப் புள்ளியை வைத்துக் கொடுத்தேன்.