மஞ்சள் டிரை பேக்கின் அடி மூலையில் ஒரு துளை

வணக்கம் நண்பர்களே. இன்று கயாக் படகும் இல்லை, துடுப்பும் இல்லை. மொட்டை மாடியில் நிற்கிறேன், பக்கத்தில் அதே நீல டிரம். முட்டுக்காடு புறப்படும் முன் எந்தப் பையும் இதில் முங்கி எழாமல் என்னோடு வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எனக்கு இன்று நல்ல கோபம். இதோ, புதிதாக வந்த மஞ்சள் டிரை பேக், அதாவது உள்ளே இருப்பது நனையாமல் காக்க வேண்டிய பை. 20 லிட்டர், 850 ரூபாய். உறையில் கொட்டை எழுத்தில் 'நூறு சதவீதம் நீர் புகாது' என்று அச்சடித்திருக்கிறார்கள். எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேரம்? ஒரு வரி கிடையாது. நீர் புகாமைக்கான தரக் குறியீடு ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்க வேண்டும். அப்படி எண் போட்டுச் சொன்னால் சரிபார்க்கலாம். வாயைச் சுருட்டி மூடும் பைகள் பெரும்பாலும் தெறிக்கும் அலைக்கும், கயாக் கவிழ்ந்தால் சற்று நேரம் மிதப்பதற்கும் செய்யப்பட்டவை. நீருக்கடியில் வெகுநேரம் கிடப்பதற்கு அல்ல.

உள்ளே செய்தித்தாளைக் கசக்கிப் போட்டேன், வாயைச் சுருட்டினேன், மேலே கல் வைத்து 30 நிமிடம் மூழ்க வைத்தேன். எடுத்துப் பார்த்தால் அடியில் இருந்த தாள் நனைந்திருக்கிறது! மேலே இருந்த தாள் மொடமொடவென்று காய்ந்தே இருக்கிறது. அப்படியென்றால் வாய் ஒழுகவில்லை.

அட, மடிப்பைப் பற்றிச் சொல்லாமலே ஓடிவிட்டேன். முதலில் வாய் ஓரத்தில் மணல் ஒட்டியிருந்தால் துடையுங்கள். ஒரு மணல் போதும், நீர் நுழைய வழி கிடைத்துவிடும். இரண்டு ஓரங்களையும் சுருக்கமின்றிச் சேர்த்துப் பிடித்து, பையை நெஞ்சோடு அணைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். காற்று நிறைந்த 20 லிட்டர் பை கிட்டத்தட்ட 20 கிலோ விசையோடு மேலே எழும்பும், எந்தக் கல்லுக்கும் அடங்காது. பிறகு ஒரே திசையில், இறுக்கமாக, குறைந்தது மூன்று மடிப்பு. நான் நான்கு போடுவேன். ஒரே ஒரு மடிப்போடு பக்கிளை மாட்டிவிட்டுக் கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீரைத் தடுப்பது மடிப்பு, பக்கிள் அதை அவிழாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சரி, துளை எங்கே? பையில் பாதிக்கு மேல் நீர் ஊற்றி, கொடிக்கம்பியில் தொங்கவிட்டு, வெளிப்புறத்தை ஈரமின்றித் துடைத்தேன். இதோ, கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். இரண்டு தையல்கள் சந்திக்கும் அடி மூலையில், கடுகளவு நீர் முத்து! துடைத்தால் மீண்டும் முளைக்கிறது. பாருங்கள், மறுபடியும்! இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. தையல் என்றேன் அல்லவா, இதில் நூல் கிடையாது. பிவிசி துணியைச் சூடாக்கி ஒட்டிய இணைப்பு அது.

சைக்கிள் பஞ்சர் பசை இதற்கு ஆகாது, அது ரப்பருக்கானது. குழாய் ஒட்டும் பசையும் வேண்டாம், காய்ந்தால் விறைத்து, மடிக்கும்போது விரிசல் விடும். காற்றடைத்த நீச்சல்குளத் தொட்டிகளை ஒட்டும் வினைல் பசைதான் சரி, 120 ரூபாய். ஒட்டுக்குத் துணி எங்கே? பழைய ஃபிளெக்ஸ் பேனர்! அதுவும் பிவிசி பூசிய துணிதான், காசே இல்லாமல் கிடைத்தது. மூலைகளை வட்டமாக நறுக்குங்கள், கூர்மையாக இருந்தால் அங்கிருந்துதான் உரியும். ஒட்டும் முன் இரண்டு பக்கமும் ஸ்பிரிட்டால் துடைத்து உலர விடுங்கள்.

இது 24 மணி நேரம் காய வேண்டும். நாளை மாலை மீண்டும் டிரம்முக்குள் போகும். தாள் காய்ந்தே வந்தால் இதில் மாற்றுத் துணி வரும். கேமராவுக்கு அப்போதும் இதில் இடமில்லை, அது ரப்பர் வளையம் வைத்த பெட்டியில்தான் வரும்.