வெறி பிடித்தது யாருக்கு?

ஆசிரிய நண்பர்களே, வணக்கம்.

சேலம் என்ற ஊரில் நடந்த சூனிய வழக்குகளை வைத்து ஆர்தர் மில்லர் எழுதி, 1953-ல் மேடையேறிய ‘தி குரூசிபிள்’ நாடகத்தை வகுப்பில் நடத்துகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். சேலத்தில் அத்தனை பேர் சாகக் காரணம் என்ன என்று தேர்வில் கேளுங்கள். “மாஸ் ஹிஸ்டீரியா”, அதாவது ஊரே கூட்டமாக வெறி பிடித்து ஆடியது, என்று எழுதிவிட்டுப் பிள்ளைகள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஹிஸ்டீரியாதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், “அதான் தூக்கில் போட்டார்களே!” என்பார்கள். புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து நிற்கிற வாதம் இது. தர்க்கப் பிழைகளின் பெயர்களை மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைகளே இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, நடந்தது என்ன? இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ். நம் ஊர்ச் சேலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1692 தொடக்கத்தில் பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டில் இரண்டு சிறுமிகளுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது, அலறினார்கள். சூனியம் வைத்ததாகப் பலர் மேல் குற்றம் சாட்டி, செப்டம்பர் முடிவதற்குள் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவரைப் பாறாங்கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள்.

அந்தச் சிறுமிகளுக்கு வந்தது எதுவோ இருக்கட்டும். நீதிபதிகளுக்கு வலிப்பு வரவில்லையே! வாரண்டு, விசாரணை, ஜூரி என்று எல்லாம் முறைப்படிதான் நடந்தன. 71 வயது ரெபெக்கா நர்ஸை ஜூரி முதலில் நிரபராதி என்றது. தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன் விடவில்லை. இன்னொரு கைதியைப் பற்றி “அவள் எங்களில் ஒருத்தி” என்று ரெபெக்கா சொன்னதை நினைவுபடுத்தினார். எங்களோடு சிறையில் இருப்பவள் என்ற பொருளில் சொன்னதாக ரெபெக்கா பிற்பாடு விளக்கினார். ஜூரி அதைக் கேட்டபோதோ, காது மந்தமான அந்த அம்மாளுக்குக் கேள்வியே விழவில்லை. பதில் வராததை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு குற்றவாளி என்றார்கள். இரண்டு பொருள்படும் பேச்சுக்குத் தனக்கு வேண்டிய பொருளை ஏற்றுவது ஒரு பிழை, மௌனத்தைச் சாட்சியாக்குவது இன்னொன்று. இதில் வெறி எங்கே இருக்கிறது? நிதானமாக உட்கார்ந்து செய்த தப்பு இது.

இன்னொன்றும் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவி உருவம் வந்து தன்னைக் கிள்ளியது என்று ஒருவர் சொன்னால், அந்த நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்றது. குற்றம் சாட்டப்பட்டவர் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று நிரூபித்தும் பயனில்லை, வந்தது ஆவிதானே! அக்டோபரில் ஆளுநர் பிப்ஸ் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் கூடிய புதிய நீதிமன்றம் ஆவிச் சாட்சியத்தை ஏற்கவில்லை. தலைமை நீதிபதி அதே ஸ்டௌட்டன்தான். அந்த மாதம் குற்றவாளி என்று தீர்ப்பானவர்கள் மூன்றே பேர். அவர்களும் தூக்குமேடை ஏறவில்லை. ஊரும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. சாட்சிய விதிதான் மாறியது. இதற்கு மேலும் ஹிஸ்டீரியா ஒன்றே காரணம் என்று எழுதினால் நான் மதிப்பெண் போட மாட்டேன்.

அப்புறம், ஆராய்ச்சி. நாடகத்தையே வரலாற்று ஆதாரமாகக் காட்டுகிற கட்டுரைகளை நிறையப் பார்த்திருப்பீர்கள். உண்மையில், பாரிஸ் வீட்டுச் சிறுமிகளில் ஒருத்தியான அபிகெயிலுக்கு 11 அல்லது 12 வயது, தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவரான ஜான் பிராக்டருக்கு 60 வயது இருக்கும். அபிகெயிலின் வயதைக் கூட்டிப் பிராக்டரின் வயதைக் குறைத்து, இருவருக்கும் தொடர்பு உண்டாக்கியது மில்லர். நாடகாசிரியருக்கு அந்த உரிமை உண்டு, கட்டுரை எழுதுகிறவருக்குக் கிடையாது. ரை என்ற தானியத்தில் பிடித்த பூஞ்சையால் வந்த மயக்கம் என்று 1976-ல் வந்த கருத்தும் இணையத்தில் இன்னும் சுற்றுகிறது. அதே ஆண்டிலேயே அதற்கு வலுவான மறுப்பு வெளியானதைச் சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு.

அதனால் மூலப் பதிவுகளுக்குப் போகச் சொல்லுங்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகம் அவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. ரெபெக்கா நர்ஸின் 1692 மார்ச் 24 விசாரணையை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். அதை எழுதிவைத்தவர் யார் தெரியுமா? பாதிக்கப்பட்ட சிறுமியின் அப்பா பாரிஸ்தான். கூச்சலிலும் பலர் ஒரே நேரத்தில் பேசியதிலும் பல விஷயங்கள் விடுபட்டுப்போயின என்று கடைசியில் அவரே குறித்திருக்கிறார். எவை விடுபட்டிருக்கும், அவை விடுபட்டதால் லாபம் யாருக்கு? இந்த இரண்டு கேள்விகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, வழக்கு விசாரணை வருகிற நாடகத்தின் மூன்றாம் அங்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.