சாறு தூங்கக் கூடாது
(தஞ்சாவூரில் இயந்திரவியல் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

தம்பி தங்கைகளே, உங்களில் பாதிப் பேர் வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கும் முன் வாய்க்காலை ஏன் தூர் வாருகிறோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் எங்கே தயங்குகிறதோ அங்கே வண்டல் இறங்கும். தேவைக்கு மேல் அகலமாக வெட்டிய வாய்க்கால் சீக்கிரம் மேடு தட்டும். ஒரு பொருளின் சூட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் வெப்பமாற்றியும் அப்படித்தான்.

நான் வேலை பார்த்தது கரும்பு ஆலையில். சுண்ணாம்புப் பால் கலந்த சாற்றை 102, 103 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். அதைச் செய்யும் ஹீட்டரும் ஒரு வெப்பமாற்றிதான்: குழாய்க்குள் சாறு, வெளியே நீராவி. சில நாளிலேயே குழாயின் உட்புறம் பழுப்பாக ஒரு பொருக்கு பிடிக்கும். கால்சியம் பாஸ்பேட், மண், கரும்பின் மெழுகு எல்லாம் சேர்ந்து இறுகியது. நகத்தால் சுரண்டினால் வராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சுத்தமான ஹீட்டர் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 1000 வாட் கடத்துகிறது என்று வைப்போம். பொருக்கின் கடத்துதிறன் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 1 வாட் என்றால், ஒரே ஒரு மில்லிமீட்டர் பிடித்ததும் அந்த 1000 பாதியாகி 500-க்கு வந்துவிடும்.

சரி, சூடு கடத்தும் பரப்பைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 40 சதவீதம் குழாய்களைக் கூட்டினேன். அதே சாறு பிரிந்து ஓடியதில் வினாடிக்கு 1.8 மீட்டராக இருந்த வேகம் 1.3-க்கு இறங்கியது. முன்பைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொண்டது. குழாய் சுத்தம் செய்யும் பெரியவர் பிரஷ்ஷை இழுத்தபடியே, "உள்ள சாறு தூங்குதுங்க சார்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அடுத்த முறை ஆலையை நிறுத்தியபோது, சாறு போய்த் திரும்பும் சுற்றுகளைக் கூட்டி வேகத்தை மீட்டோம். பம்புக்குக் கூடுதல் கரண்ட் செலவானது. அந்தச் செலவை இன்றும் மனதாரச் செய்வேன்.

சில உப்புகள் சூடு ஏற ஏறக் கரைய மறுக்கும். போர்த் தண்ணீர் காய்ச்சும் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, கால்சியம் கார்பனேட், அது அந்த ரகம். நீராவிச் சூட்டை அளவுக்கு மேல் வைத்தால் குழாய்ச் சுவரில்தான் முதலில் படியும்.

அப்புறம், வரைபடம் போடும்போதே பிரஷ் பிடிக்கும் கையை நினையுங்கள். அழுக்குத் திரவம் குழாய்க்குள் ஓடட்டும். குழாய் நேராக இருக்கட்டும். ஹீட்டர் மூடிக்கு முன்னால், பிரஷ்ஷை நுழைக்க, குழாயின் முழு நீளத்துக்கு இடம் விடுங்கள். எங்கள் ஆலையில் அங்கே சுவர் இருந்தது. அந்தப் பெரியவர் துண்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் திருகி நீட்டி, குனிந்தபடியே ஒவ்வொரு குழாயாகக் குத்தினார். கூடுதல் குழாய்க்குப் போட்ட பணத்தில் அன்றே ஒரு மாற்று ஹீட்டர் வைத்திருக்கலாம். ஒன்று ஓடும்போது மற்றொன்றை அவர் நிதானமாகக் கழுவியிருப்பார், அரவையும் நின்றிருக்காது.