பழைய மாளிகை யார் கையில பிழைக்கும்?

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். கொடுத்திருக்கிறது ஏழு நிமிஷம், அதனால வணக்கம் இவ்வளவுதான்.

அமெரிக்கக் கல்லூரிகள்ல ஃப்ரெட்டர்னிட்டின்னு மாணவர் சங்கங்கள் இருக்கு. அவங்க குடியிருக்கிற பழைய மாளிகைகள் பசங்க கையில பிழைக்குமா, பூட்டி வெச்சு டிக்கெட் போடுற அருங்காட்சியகத்துல பிழைக்குமா? நாங்க பசங்க கட்சி.

நியூயார்க் மாநிலம், இத்தாக்கா ஊர். கார்னெல் பல்கலைக்கழகத்தை நிறுவின எஸ்ரா கார்னெல் அங்க ஒரு கல் மாளிகை கட்டினார். பேரு லென்ராக். ஆங்கில எழுத்துல பின்னாலிருந்து படிங்க, கார்னெல்! நம்ம விகடகவியைத் திருப்பினாலும் விகடகவிதான். இவங்க குடும்பப் பேரையே தலைகீழாத் தொங்க விட்டுட்டாங்க. பாவம், வேலை முடியறதுக்குள்ள 1874-ல மனுஷன் கண்ணை மூடிட்டார். 1911-ல டெல்டா ஃபை சங்கம் அதை வாங்கிச்சு.

எதிரணித் தலைவி கேட்டாங்க: "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பீர் குடிக்கிறவனுக்கு மாளிகையோட அருமை என்ன தெரியும்?" அம்மா, ரெண்டு மணிக்கு முழிச்சிருக்கிறதாலதாம்மா தெரியும்!

இந்த மாதிரி வீடுகள்ல அறையைச் சூடாக்க நீராவி ரேடியேட்டர்னு ஒரு இரும்புச் சாதனம் இருக்கும். பல வீடுகள்ல ஒரே குழாய்தான்: நீராவி மேல வரும், குளிர்ந்த தண்ணி அதே வழியா கீழ இறங்கணும். அதுக்கு ரேடியேட்டர் வால்வு பக்கமா லேசா சாஞ்சிருக்கணும். நூறு வருஷ மரத்தரை, அந்த இரும்பு கனத்துக்கு உள்வாங்கி, சாய்வு மாறிடும். தண்ணி தேங்கும். நீராவி வந்து மோதும். டங்... டங்... டங்!

புதுசா சேர்ந்த பையன் போர்வைக்குள்ள. "எஸ்ரா தாத்தா வந்துட்டார்!" தைரியம் வந்து எந்திரிச்சு வால்வைப் பாதி மூடுறான். போச்சு! ஒரு குழாய் ரேடியேட்டர்ல வால்வு முழுசாத் திறந்திருக்கணும், இல்ல முழுசா மூடியிருக்கணும். பாதி மூடினா தண்ணி இறங்க வழியில்ல. இப்ப தாத்தா ரெண்டு கையாலயும் அடிக்கிறார். டங்டங் டங்டங்!

சீனியர் வர்றான். கையில ரசமட்டம், கால் அங்குல மரச்சில்லு ரெண்டு. வால்வு இல்லாத பக்கத்துக் காலை நெம்பி, அடியில சொருகுறான். வால்வை முழுசாத் திறக்கிறான். கப்சிப்! நம்ம ஊர்ல பேய்க்கு வேப்பிலை, அங்க மரச்சில்லு.

அருங்காட்சியகத்துல? அஞ்சு மணிக்குப் பூட்டிட்டுப் போயிடுவாங்க. தாத்தா தட்டினா யார் காதுல விழும்? ஆளில்லாத பகுதியில சூட்டைக் குறைப்பாங்க. வெளிச்சுவரை ஒட்டின தண்ணிக்குழாய் உறைஞ்சு வெடிக்கும். பனி இளகினப்புறம்தான் கொட்டும். கூரைக் காரை பெயர்ந்து விழுந்தாத்தான் சேதி தெரியும்.

பசங்க தப்பே பண்ண மாட்டாங்களா? பண்ணுவாங்க. கல் இடுக்குல சுண்ணாம்புக் காரை உதிர்ந்தா, அவசரத்துல சிமெண்டை அப்பிடுவாங்க. உள்ள போன ஈரம் வெளிய வர முடியாம, குளிர்ல உறைஞ்சு, கல்லோட முகமே பெயரும். ஒத்துக்கிறேன். அது அறியாமை, அலட்சியம் இல்ல.

ஆனா அம்மா கடைசியா ஒரு ஊசி குத்தினாங்க: "1906-ல அதே ஊர்ல கை சைன்னு இன்னொரு மாணவர் சங்கத்து மாளிகை எரிஞ்சு போச்சே, பசங்க காப்பாத்தின லட்சணம் அதுதானா?" சபை கைதட்டிச்சு.

நான் தட்டலைம்மா. அது ஜென்னி மெக்ராங்கிற பணக்காரப் பெண்மணிக்காகக் கட்டின மாளிகை. அந்தம்மா அதுல குடியேறாமலே 1881-ல போயிட்டாங்க. பசங்க வந்துதான் அந்த வீட்டுல அடுப்பு எரிஞ்சது. 1906 டிசம்பர் 7, தீயில ஏழு உயிர் போச்சு. மூணு பேர் சம்பளம் வாங்காத தீயணைப்புக்காரங்க. நாலு பேர் மாணவர்கள். அந்த நாலுல ஒருத்தன் தப்பிச்சு வெளிய வந்தவன். அறைத்தோழன் உள்ள இருக்கான்னு தெரிஞ்சதும் திரும்பிப் போனான்.

அருமை தெரியாதவன்னு அவனையும் சேர்த்துத்தானே சொன்னீங்க?

மிச்சமிருந்தவங்க வேற மனை தேடலை. அதே இடத்துலதான் மறுபடி வீடு கட்டினாங்க.

மணி அடிக்கிறீங்க, கேக்குது நடுவர் அவர்களே. உட்கார்றேன்.