குடும்ப வன்முறை: பாதுகாப்பு உத்தரவின் நகல் எந்த ஸ்டேஷனுக்குப் போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். கணவர் அடித்தார் என்று மகளிர் காவல் நிலையத்துக்குப் போகும் பெண் பல நேரம் ஒரு சி.எஸ்.ஆர் ரசீதோடுதான் திரும்புகிறார். மனு வந்து சேர்ந்ததற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். வழக்கு என்றால் எஃப்.ஐ.ஆர் வேண்டும்.

கணவர் கொடுமைக்கான பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு. மூன்றாண்டு வரை சிறை. தண்டனை அந்த அளவில் நிற்பதால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டு எஃப்.ஐ.ஆர் போடச் சட்டம் இடம் தருகிறது. கைதும் உடனே நடக்காது. 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் வந்த தீர்ப்புப்படி, காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. நோட்டீஸ் கொடுத்துத்தான் அழைப்பார்கள். 'போலீஸ் காசு வாங்கிட்டாங்க' என்று முடிவுகட்டும் முன் இதையும் நினைத்துப் பாருங்கள். புகாரை வாங்கவே மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்.

காயம் இருந்தால் அன்றைக்கே வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டரிடம் 'படியில் விழுந்தேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏ.ஆர் காப்பியில், அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில், அந்த வரிதான் ஏறும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவதும் அதைத்தான். அரசு வழக்கறிஞர் என்ன வாதாடியும் அதை அழிக்க முடியாது.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் தனிப் பாதை. மாவட்ட சமூக நல அலுவலகம் மூலம் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள்; அவர் அறிக்கை தயாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். மூன்று நாளில் முதல் விசாரணை, 60 நாளில் முடிவு என்பது ஏட்டில். எதிர்த்தரப்பு நோட்டீஸ் வாங்காமல் நழுவுவதிலேயே நாள் ஓடிவிடும். அதனால் பிரமாண வாக்குமூலத்தோடு 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவை முதலிலேயே கேளுங்கள். இங்கே உங்களுக்காக அரசு வழக்கறிஞர் வர மாட்டார். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

வன்முறை செய்யக் கூடாது என்று மாஜிஸ்திரேட் போடுவது பாதுகாப்பு உத்தரவு. இந்தச் சட்டத்தில், அதைக் கணவர் மீறினால்தான் போலீஸுக்கு முழு அதிகாரம் வருகிறது. 31-ஆம் பிரிவு: ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. பாதிக்கப்பட்டவர் ஒருவரின் சாட்சியமே போதுமென்று நீதிமன்றம் ஏற்கலாம்.

பலரும் கோட்டை விடுவது இந்த உத்தரவின் நகல் விஷயத்தில். அம்மா வீடு குடியாத்தம், வேலை ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் என்று வையுங்கள். குடியாத்தம் கோர்ட்டில் உத்தரவு வாங்கினால் நகல் அங்குள்ள ஸ்டேஷனுக்குப் போகும். கணவர் வந்து நிற்பதோ கம்பெனி கேட்டில். ராணிப்பேட்டை போலீஸ் 'கோர்ட்லயே பாத்துக்கங்கம்மா' என்பார்கள். எனவே அந்த ஸ்டேஷனுக்கும் நகல் அனுப்பும்படி மனுவிலேயே கேளுங்கள். சான்றிட்ட நகல் ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.