பெயின்ட் டப்பாவில் ஸ்மோக் டெஸ்டர்: காத்து லீக்கைக் கண்ணால பாக்க

[காட்சி: போன் திரையில் பி0171 கோடு]

பி0171. கலவையில காத்து அதிகம், பெட்ரோல் கம்மினு இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்ற எரர் கோடு. இதைப் பாத்ததும் நிறைய இடத்துல ஆக்சிஜன் சென்சரை மாத்திடுறாங்க. அது பாவம், பாத்ததைச் சொன்னது, அவ்வளவுதான். காத்து எங்கே திருட்டுத்தனமா உள்ள போகுதுன்னு எந்த ஸ்கேனரும் காட்டாது. இன்ஜினுக்குள்ள புகையை விட்டு, அது கசியுற இடத்தை வெச்சு லீக்கைக் காட்டுற கருவியை நாமளே செய்யலாம், அதான் ஸ்மோக் டெஸ்டர்.

முதல்ல லீக் இருக்கான்னு உறுதி பண்ணிக்கலாம். இதுக்கு வண்டியோட ஓபிடி சாக்கெட்டுல மாட்டி, இன்ஜின் தகவலைப் போனுக்கு அனுப்புற இஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டர் போதும். வெர்ஷன் 1.5னு விக்கிறதை எடுங்க. எல்ம் கம்பெனி 1.5னு ஒண்ணை வெளியிட்டதே இல்ல, அது நகல்தான். ஆனா 2.1னு வர்ற மலிவு நகல்கள் பலதுல கட்டளைகளே விடுபட்டிருக்கும். அடாப்டர்ல லைட் எரியலைனா சாக்கெட்டோட 16ஆவது பின்னுக்கும் 4ஆவது பின்னுக்கும் நடுவுல பேட்டரி வோல்ட் வருதான்னு பாருங்க. வரலைனா சிகரெட் லைட்டர் ஃபியூஸைப் பாருங்க, பல வண்டியில ரெண்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான்.

[காட்சி: ஃபியூயல் ட்ரிம் வரைபடம்]

ஃபியூயல் ட்ரிம்னா கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கிற கணக்கு. இன்ஜின் சூடானதும் ஷார்ட் ட்ரிம் (உடனடித் திருத்தம்), லாங் ட்ரிம் (நீண்ட காலத் திருத்தம்) ரெண்டையும் கூட்டிப் பாருங்க. ஐட்லிங்ல +20 காட்டி, 2500 ஆர்பிஎம்ல +3, +4க்கு இறங்கினா காத்து லீக். ஆர்பிஎம் ஏத்த ஏத்த ட்ரிம்மும் ஏறினா லீக் இல்ல, பெட்ரோல் பிரஷரையும், உள்ளே போற காத்தை அளக்குற ஏர்ஃப்ளோ சென்சரையும் பாருங்க. ஒரு எச்சரிக்கை: ஏர்ஃப்ளோ சென்சர் இல்லாம, மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்குற மேப் சென்சர் மட்டும் இருக்கிற வண்டியில லீக் இருந்தாலும் ட்ரிம் பெருசா மாறாது. ஐட்லிங்தான் ஏறி நிக்கும்.

[காட்சி: மேசையில் பாகங்கள்]

இப்போ டெஸ்டர். மூடி இறுக்கமா உக்காருற ஒரு லிட்டர் பெயின்ட் டப்பா, புதுசு. டீசல் வண்டியோட 12 வோல்ட் ஹீட்டர் பிளக் (க்ளோ பிளக்) ஒண்ணு, எண்ணெயைச் சூடாக்கிப் புகை வர வைக்க. டப்பா பக்கவாட்டுல, அடியிலிருந்து 4 செ.மீ. உயரத்துல ஓட்டை போட்டு, செம்பு வாஷரும் நட்டும் வெச்சு இறுக்குங்க. பிளக் நுனியில பைக் சைலன்சருக்குச் சுத்துற கண்ணாடி இழை நாடாவைச் சுத்தி, வாலை எண்ணெய்ல தொங்க விடுங்க. பருத்தித் திரி வேண்டாம், கருகிடும். எண்ணெய்னு சொன்னது மருந்துக்கடை லிக்விட் பாரபின். 200 மில்லி ஊத்தினா ஏறக்குறைய 2 செ.மீ. நிக்கும்.

மூடியில நட்டு போட்டு இறுக்குற பித்தளை டியூப்லெஸ் வால்வு ரெண்டு, உள்ளே இருக்கிற பின்னைக் கழட்டிட்டு. ஒண்ணு காத்து உள்ளே, ஒண்ணு புகை வெளியே.

ஹீட்டர் பிளக் 10, 15 ஆம்பியர் இழுக்கும். அதனால ஹாரன் ரிலே, 20 ஆம்ப் ஃபியூஸ், அமுக்கினா மட்டும் வேலை செய்யுற ஸ்விட்ச். 10 செகண்ட் அமுக்கி, 10 செகண்ட் விடுங்க. விடாம அமுக்கினா திரி காய்ஞ்சு, பிளக் நுனி போயிடும், டப்பாக்குள்ள தீயும் பிடிக்கலாம்.

[காட்சி: தண்ணி பாட்டிலில் குமிழி]

காத்துக்கு மீன் தொட்டி பம்ப். கம்ப்ரசரை நேரா மாட்டவே கூடாது, மூடி பறக்கும், கிராங்க் ஆயில் சீல் பிதுங்கும். மீன் தொட்டி பம்புக்கே ஒரு கட்டுப்பாடு வேணும். பம்ப் ஹோஸ்ல டி வடிவ இணைப்பு போட்டு, ஒரு கிளையை 2 லிட்டர் பாட்டில் தண்ணியில 28 செ.மீ. ஆழத்துக்கு விடுங்க, பாட்டில் வாய் திறந்தே இருக்கட்டும். 70 செ.மீ. தண்ணி ஒரு பிஎஸ்ஐ. அப்போ 28 செ.மீ.க்கு 0.4 பிஎஸ்ஐதான். அதைத் தாண்டினா குமிழியா வெளியேறிடும். டிக்கும் டப்பாவுக்கும் நடுவுல மீன் தொட்டி நான்-ரிட்டர்ன் வால்வு (ஒரு பக்கம் மட்டும் விடுற வால்வு) ஒண்ணு.

வண்டியில மாட்டறதுக்கு முன்னாடி புகை ஹோஸ் வாயை விரலால அடைங்க. பாட்டில்ல குமிழி வரணும். வரலைனா உங்க டப்பாதான் லீக்.

[காட்சி: இன்டேக் மேனிஃபோல்ட்]

இன்ஜினை அணைச்சு, ஆற விடுங்க. ஏர் ஃபில்டர் பைப்பை ரப்பர் கையுறையால அடைச்சு, இன்டேக் மேனிஃபோல்டுல (சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சுக் கொடுக்குற குழாய்) இருக்கிற ஒரு வேக்கம் ஹோஸ் வழியா புகையை விடுங்க. ஃபேனை நிறுத்திட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸோட (கிராங்க்கேஸ் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோறது) அடிப்பக்கம், இன்ஜெக்டர் ஓ-ரிங், மேனிஃபோல்ட் கேஸ்கெட், இந்த வரிசையில. பிசிவி ஹோஸ் மேல பாத்தா புதுசு மாதிரி இருக்கும், அடியில எண்ணெய் தேங்கி உப்பி வெடிச்சிருக்கும். கை விட்டுத் தடவுங்க.

சைலன்சர்ல புகை வந்தா பதற வேண்டாம், ஏதோ ஒரு சிலிண்டர்ல வால்வு திறந்து நிக்குது. ஸ்பேனர் போட்டு கிராங்க்கைக் கொஞ்சம் திருப்புங்க.

பெட்ரோல் டேங்க், சார்கோல் கேனிஸ்டர் லைனுக்கு இந்த டப்பாவை மாட்டாதீங்க. உள்ளே பெட்ரோல் ஆவி, இந்தப் பக்கம் சிவந்த பிளக்.

லீக்கை அடைச்சதும் எரர் கோடை அழிச்சு, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு ஐட்லிங் ட்ரிம்மை மறுபடி பாருங்க. 5க்குள்ள வரலைனா இன்னொரு ஓட்டை இருக்கு.