பெண் கொடுப்பீர்களா? – மனநோயை ஒதுக்கும் மனதை அளப்பது

நேயர்களுக்கு வணக்கம். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று, 'மனநோய் வந்தவங்களையும் மதிக்கணும், இல்லையா?' என்று கேட்டால் அநேகமாக எல்லாரும் 'ஆமா' என்பார்கள். அந்த ஆமாவை வைத்து எதையும் அளக்க முடியாது. ஒதுக்கும் மனம் தெரிய வேண்டுமானால் கேள்வி வாடகை வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் வரவேண்டும்.

முதலில் ஒரு ஆளைப் பற்றி நாலு வரி வாசிக்க வேண்டும். 'குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர், வயது 28. இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை. தனியே பேசுகிறார். பக்கத்து வீட்டார் சதி செய்வதாகச் சொல்கிறார்.' மனநோயின் பெயரைச் சொல்லக்கூடாது. சொன்னால் அந்தப் பெயருக்குத்தான் பதில் வரும். பிறகு கேள்விகளை ஒவ்வொரு படியாக நெருக்கவேண்டும்: பஸ்ஸில் பக்கத்தில் இருப்பீர்களா? கூட வேலை செய்வீர்களா? மாடியை வாடகைக்கு விடுவீர்களா? பெண் கொடுப்பீர்களா? அமெரிக்கச் சமூகவியலாளர் போகார்டஸ் 1925இல் இன வேற்றுமையை அளக்க வகுத்த 'சமூகத் தூரம்' முறையின் வழி இது.

கடைசிக் கேள்வியில்தான் கணக்கெடுப்பவர் பலர் சறுக்குகிறார்கள். பெண் கொடுக்க மறுப்பது சாதியாலும் இருக்கலாம், மதத்தாலும் இருக்கலாம், வேலை இல்லை என்பதாலும் இருக்கலாம். அதனால் சீட்டுக் குலுக்கி, பாதிப்பேருக்கு அதே ஆளைச் சர்க்கரை நோயால் காலில் புண் வந்து வேலைக்குப் போகாதவராக வாசிக்கவேண்டும். இரண்டு கூட்டத்தின் பதிலுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் தேடும் அளவு. இந்த ஒப்பீடு இல்லாத கணக்கை நான் நம்பமாட்டேன்.

இன்னொரு கருவி, மனநோயாளிகளைப் பற்றி ஊரார் நினைப்பதை அளக்க டெய்லர், டியர் என்ற இரு ஆய்வாளர்கள் 1981இல் வெளியிட்ட 40 வாக்கியக் கேள்வித்தாள். அதில் பாதி பரிவாகவும் பாதி கடுமையாகவும் இருக்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் அகப்பட்டுவிடுவார். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஒரு பாதியின் மதிப்பெண்ணை ஆறிலிருந்து கழித்துத் திருப்பிவிட்டுத்தான் கூட்டவேண்டும். மறந்தால் பரிவும் வெறுப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எல்லாரும் நடுவில் நிற்பார்கள்.

கேள்வி கேட்க வீடுகளுக்குப் போகும் நேரமும் முக்கியம். பால் வெட்டுகிறவர்கள் விடியலில் தோட்டத்தில் இருப்பார்கள். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்களோ வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. பகலில் வீட்டில் இருப்பவர்களை மட்டும் கேட்டால் அது கன்னியாகுமரி மாவட்டத்தின் மனம் ஆகாது. மாமியார் பக்கத்தில் இருக்க மருமகள் சொல்லும் பதிலையும் தனியாகக் குறித்துவைப்பது நல்லது.

வாசித்து முடித்ததும் 'இது எங்க வீட்டுக் கதையாக்கும்' என்று சிலர் சொல்வதுண்டு. அவர்களுக்காக அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416 அச்சிட்ட சீட்டு பையில் இருக்கட்டும். கேள்வியெல்லாம் முடிந்த பிறகுதான் கொடுக்கவேண்டும்; முன்னே கொடுத்தால் பதில் மாறிவிடும்.